ஊதாப் பொட்டு வைத்த செல்

"ஏட்டி, அந்த முள்ளு எத்தனைன்னு சொல்லுது, சரி. எம்புட்டு நேரத்துக்குன்னு சொல்லுமா?"

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வாட்ச்சும் பேட்டரியும் விற்ற அந்த அக்கா என்னிடம் இதைக் கேட்டபோது கடை முன்னால் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குக் காது மடல் சுட்டது.

நான் அப்போது பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் இரண்டாம் வருஷம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள். லேபுக்காக வாங்கிய முள் மீட்டரை அவருடைய கண்ணாடிப் பெட்டி மேல் வைத்து, அம்மாவின் காது மிஷினிலிருந்து கழற்றிய பென்சில் செல்லின் இரண்டு முனையிலும் கம்பியை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். முள் ஒன்றரையில் நின்றது. "செல்லு நல்லாத்தான் இருக்கு. மிஷின்தான் போயிருச்சு போல. நீங்க பாப்பீங்களா?" என்று கேட்டிருந்தேன். படித்தவள் கேட்கிற தோரணையில்தான் கேட்டேன், அதை மறைப்பானேன்.

அவர் மீட்டரைத் தொடவே இல்லை. இரண்டு ஒயர் பற்றவைத்த சின்ன டார்ச் பல்பு ஒன்றை எடுத்து அந்தச் செல்லில் வைத்தார். பல்பு மஞ்சளாக எரிந்தது. உதட்டை மட்டும் அசைத்து எண்ண ஆரம்பித்தார். பத்துக்குள் மஞ்சள் சிவப்பானது. இருபதில் ஊதுபத்தி நுனி மாதிரி ஒரு புள்ளி. பிறகு அதுவும் இல்லை. இவ்வளவு நேரமும் அவர் பல்பைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் செல்லைத் தலைகீழாகத் திருப்பி அடித்தட்டைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். "வேற போடு" என்று மட்டும் சொல்லி ஒரு புதுச் செல்லை எடுத்துக் கொடுத்தார்.

வோல்ட் என்பது வேறு, செல்லுக்குள் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது வேறு. புத்தகத்தில் படித்துப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். சும்மா கிடக்கிற செல் முள்ளுக்கு ஒன்றரை காட்டும், வேலை கொடுத்தால் படுத்துக்கொள்ளும். தெரிந்ததை நடுத்தெருவில் இன்னொருவர் சொல்லிக் கேட்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த அக்காவின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ஒருமுறை கேட்டேன். "செல்லுக்கு வந்தியா, பேருக்கு வந்தியா?" என்றார். நாற்பதைத் தாண்டியவர். ஒல்லி. வாட்ச் பார்க்கும் கண்ணாடியை ஒற்றைக் கண்ணில் இடுக்கியபடியே மற்றக் கண்ணால் ஆட்களைப் பார்ப்பார். புருஷன் பாதிக் கடையை விற்றுத் தின்றுவிட்டுப் போனார் என்று ஒரு பேச்சு. அவர்தான் புருஷனை விரட்டினார் என்று இன்னொரு பேச்சு. இரண்டையும் அவர் முகத்தில் வைத்துப் பார்த்தால் பொருந்தும்.

சாமானைப் பார்க்காமல் செல் தரமாட்டார். இது அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும், வெளியூர்க்காரர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். புதூர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த ஒருவர் என் கண் முன்னால் பட்ட பாடு இது.

"ரெண்டு பென்சில் செல்லு குடுங்க."

"எதுக்கு?"

"எதுக்கா? போடத்தான்."

"எதுலன்னு கேக்கேன். சாமானக் காட்டும்."

"சாமான் ஊர்ல கெடக்கு. அதையும் தூக்கிக்கிட்டா பஸ் ஏறணும்?"

"ஏறும். கடிகாரத்துக்குன்னு வாங்கிட்டுப் போயி போட்டோ எடுக்க டப்பாவுல போட்டுட்டு, நாலு படத்துல நின்னுருச்சுன்னு இங்கன வந்து சண்டைக்கு நிப்பீரு."

"எங்கிட்ட போட்டோ டப்பாவே கெடையாதும்மா!"

"எல்லாவனும் அப்படித்தான் சொல்லுதான்."

வந்தவர் பக்கத்துக் கடைக்குப் போனார். அக்கா கவலைப்படவில்லை.

இன்னொரு நாள் ஒரு அண்ணாச்சி எமர்ஜென்சி லைட்டைக் கொண்டுவந்து வைத்தார். திடீரென்று எரியவில்லை என்றார். அக்கா அதைத் திறக்கும் முன்பே மூக்கின் அருகே கொண்டுபோனார்.

"நாலு வோல்ட் லைட்டு இது. ஆறு போட்டிருக்கீரு."

"நானா? அதுல இருந்த பேட்டரிதான்!"

"கருகின வாட வருது. வெளிச்சம் கூட வரும்னு பெருசா வாங்கிப் போட்டீரு. ஒரு நாள் பளிச்சுனு எரிஞ்சிருக்கும். மறுநாள் பொசுங்கிருக்கும். இல்லங்கீரா?"

அண்ணாச்சி இல்லை என்று சாதித்தார். லைட்டை எடுத்துக்கொண்டு போகும்போது, "பளிச்சுனுதான் எரிஞ்சுது" என்று யாருக்கோ சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போனார்.

தங்கக் கலர் உறை போட்ட செல்களை ஒரு ஏஜெண்ட் கொண்டுவந்த கதையும் உண்டு. உறையில் பெரிய பெரிய எண்கள், இரண்டு மடங்கு நாள் உழைக்கும் என்று அச்சு. அக்கா அதில் ஒன்றை இடது உள்ளங்கையிலும் வழக்கமாக விற்கும் செல் ஒன்றை வலது உள்ளங்கையிலும் வைத்துத் தூக்கிப் பார்த்தார். "எழுத்துல இருக்க கனம் செல்லுல இல்லியே" என்றார். ஏஜெண்ட் பையை மூடிக்கொண்டார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் வாட்ச் செல்களுக்கு நடுவே இரண்டு மூன்று நெயில் பாலிஷ் பாட்டில்கள் இருக்கும். ஆனால் அவர் நகத்தில் ஒருநாளும் சாயம் பார்த்ததில்லை. எனக்கு அது ஏதோ திருட்டுத்தனமாகப் பட்டது.

அம்மாவின் காது மிஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். சீட்டுக் கட்டை விடக் கொஞ்சம் பெரிய பெட்டி. அதை ரவிக்கைக்குள் குத்திக்கொண்டு, ஒயரைக் கழுத்து வழியாகக் கொண்டுபோய்க் காதில் மாட்டிக்கொள்வாள். ஒரு முகாமில் கிடைத்தது. ஒரே ஒரு பென்சில் செல்தான். பத்துப் பன்னிரண்டு நாள் தாராளமாக வரும். கரகரவென்று சத்தம் வந்தால் மாற்ற வேண்டும் என்று அர்த்தம்.

அம்மா தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிற வேலை பார்த்தாள். ஒரு நாள் மருந்து முக்குகிற அறைப் பக்கம் குச்சி அடுக்கிய ஒரு கட்டையில் தீப்பிடித்துக்கொண்டது. எல்லோரும் கூச்சல் போட்டுக்கொண்டு வெளியே ஓடியிருக்கிறார்கள். அம்மா குனிந்த தலை நிமிராமல் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து ஆள் திரும்பி வந்து முந்தானையைப் பிடித்து இழுத்த பிறகுதான் புகையைப் பார்த்தாளாம். மூன்று நாளைக்கு முன் போட்ட செல் உள்ளே செத்துக் கிடந்தது. அதைத்தான் முள் மீட்டரோடு அக்காவிடம் கொண்டுபோயிருந்தேன்.

தீ உடனே அணைந்துவிட்டது. போர்மேன் அணையவில்லை. "காது கேக்காத ஆள உள்ள வச்சுட்டு நான் ஜெயிலுக்குப் போகவா? இன்னொரு தடவ கூப்பிட்டுத் திரும்பலன்னா, வீட்டுல உக்காந்து பெட்டி ஒட்டட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டில் பெட்டி ஒட்டினால் பாதிக் கூலிகூட நிற்காது. அதைவிட, ஆபீஸ் வண்டியில் நாலு பொம்பளைகளோடு போய்வருவதுதான் அம்மாவுக்கு உலகம். அந்த ஆறு மைல் பயணத்தில்தான் அவள் சிரிப்பாள்.

நாங்கள் இருந்தது எப்போதும்வென்றான் பக்கம் போகிற ரோட்டை ஒட்டிய ஒரு ஊர். செல் வாங்கி வருவது என் வேலை. நான் வாங்கியது அந்த அக்கா கடையில் மட்டும்தான். பிறகு சந்தேகம் யார்மேல் போகும்?

மிஷின் நன்றாக இருக்கிறது என்று அக்காவின் பல்பு நிரூபித்துவிட்டது. கெட்டது செல். செல் கொடுத்தது அவர். மறுநாள் அவர் கடைக்குப் பக்கத்தில் டீக்கடையில் நின்றபோது கடைக்காரர் தானாகவே பேச்செடுத்தார். "அந்தக்காகிட்டயா வாங்குத? ஜனங்க போட்டுட்டுப் போற பழைய செல்ல எல்லாம் டப்பாவுல சேத்து வைக்கா, பாத்திருக்கியா? மத்தியானம் மேல ஏறிப் பாரு."

மேலே ஏறத் தேவையிருக்கவில்லை. எதிர்ப்புறம் இருந்த ஜெராக்ஸ் கடை மாடிப்படியில் நின்றாலே தெரிந்தது. அவர் கடையின் தகரக் கூரை மேல் ஒரு சுளகு. அதில் வரிசையாக நட்டுவைத்த பழைய செல்கள். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் மிளகாய் வற்றல் காயப்போடுகிற பக்குவம்தான்.

செல்லை வெயிலில் காயப்போட்டால் கொஞ்சம் உயிர் வரும். எல்லா வீட்டிலும் செய்கிறதுதான். எங்கள் வீட்டிலும் செய்வார்கள். ஆனால் அந்த உயிர் முள்ளுக்குத்தான், வேலைக்கு இல்லை. அதைப் புதுசு என்று என் அம்மா காதுக்கு விற்றிருக்கிறார்! படிக்கட்டில் நின்றபடியே அவரிடம் பேச வேண்டியதை வரிவரியாகத் தயார் செய்தேன்.

அந்த வாரக் கடைசியில், இரண்டே நாளில் செத்த செல்லுடன் போய் நின்றேன். கடையில் கூட்டம் இருக்கட்டும் என்று காத்திருந்துதான் போனேன்.

"பழசக் காயவச்சு புதுசுன்னு விக்கீங்க. எங்கம்மா தீயில மாட்டிருப்பா."

அக்கா கோபப்படுவார் என்று நினைத்தேன். ஒற்றைக் கண் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கீழே குனிந்து டப்பாவைத் தூக்கிக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தார். எல்லாம் பழைய செல். ஒவ்வொன்றின் அடித்தட்டு ஓரத்திலும் நீலநிறத்தில் நெயில் பாலிஷ் பொட்டு.

"நீலம் கடிகாரத்துக்கு. பழசுன்னு சொல்லித்தான் குடுக்கேன். டேப்புல தீந்தது கடிகாரத்துல ஆறு மாசம் ஓடும், ஒனக்கே சொல்லிருக்கேன். இல்லியா?"

சொல்லியிருக்கிறார். நானும் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறேன்.

"புதுசுக்கு மாசம் ஒரு நெறம். இந்த மாசம் ஊதா. எங்கிட்டயிருந்து பொட்டு இல்லாம ஒரு செல்லு வெளிய போகாது. எவனோ வித்தத எங்கிட்ட மாத்தக் கொண்டாருவானுவ, அதுக்காவ. எங்க, நீ கொண்டாந்த செல்லத் திருப்பு."

திருப்பினேன். அடித்தட்டில் ஒன்றும் இல்லை.

"போன தடவையும் இல்ல" என்றார். "அன்னிக்கே பாத்தேன்."

"நான் இங்கதான வாங்கினேன்!"

"வாங்குனது நீ. உள்ள போட்டது எவன்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். கூட்டத்துக்காக இல்லை. அது போலீஸ்காரர்கள் தாழ்த்துகிற மாதிரித் தாழ்த்தியது.

"வீட்டுல வேற என்ன சாமான் இருக்கு?"

"சுவர்க் கடிகாரம். டார்ச்சு. அப்பாவோட சின்ன ரேடியோ."

"காலேசுக்குக் கணக்குப் போட மிஷின் வச்சிருக்கியே, அதுக்கு எத்தனை செல்லு?"

"ரெண்டு பென்சில்."

"ம்" என்றார். அந்த ஒரு எழுத்தில் என்னைத் திருடி என்று முடிவு கட்டிவிட்டார் என்பது புரிந்தது. முதல் நாளே அவர் என் முகத்தைப் பார்த்து எண்ணியது எதற்கு என்றும் புரிந்தது. அன்றைக்குத்தான் அவருடைய டிபன் பாக்ஸ் மூடியையும், தண்ணீர் பாட்டிலையும், கடைக்கு வெளியே கழற்றிப் போட்டிருந்த செருப்பையும் கவனித்தேன். எல்லாவற்றிலும் பொட்டு. இப்படி ஒரு மனுஷியா என்று அருவருப்பாக இருந்தது. ஆனாலும் பஸ்ஸில் வீடு வரும் வழியெல்லாம் என் மனம் அவர் கேட்ட கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டு வந்தது. உள்ளே போட்டது எவன்?

வீட்டில் யாரும் இல்லை. அம்மா ஆபீஸில். அப்பா வெள்ளாடு பார்க்கக் காட்டுக்குப் போயிருந்தார். அவர் ரேடியோ ஆணியில் தொங்கியது. உள்ளங்கைக்குள் அடங்குகிற ரேடியோ, இரண்டு பென்சில் செல். மழைச் செய்தியும் கிரிக்கெட்டும் கேட்பதற்காக மடியிலேயே வைத்திருப்பார். சத்தம் குறைந்தால்தான் ஆணிக்கு வரும். பின்மூடியைக் கழற்றினேன்.

ஒரு செல்லில் பொட்டு இல்லை. மற்றதில் ஊதா.

பின்னால் போய்ப் பார்த்தேன். ஓட்டுச் சாய்ப்பின் மேல், வெயில் நேராக விழுகிற இடத்தில் மூன்று செல்கள் நின்றுகொண்டிருந்தன.

அப்பா வரும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் ஆடுகளைப் பட்டிக்குள் விட்டுவிட்டு வந்து, என் மடியில் இருந்த ரேடியோவையும் கையில் இருந்த செல்லையும் பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"இதுக்கா தாயி இப்படி மொறைக்க? கடிகாரத்துல பழசு போதும்னு நீதான வந்து சொன்ன? ஓடுதா இல்லியா? கடிகாரத்தவிடவா அவ மிஷினு பெருசு? ரேடியோ ஊருக்கே சத்தம் போடுது. அது ஒத்தக் காதுக்கு முணுமுணுக்குது. மிச்சம் மீதி போதாதா?"

"போதாதுப்பா."

"என்ன போதாது? வெயில்ல வச்சு எடுத்தத ஒங்கிட்டத்தான காட்டுனேன். நீதான முள்ள வச்சுப் பாத்து ஒண்ணரை, நல்லா இருக்குன்ன. ஒண்ணரைன்னா ஒண்ணரைதான? காதுக்கு ஒரு ஒண்ணரை, ரேடியோவுக்கு ஒரு ஒண்ணரைன்னு தனித்தனியாவா செஞ்சு விக்கான்?"

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நினைவு வந்தது. மீட்டர் வாங்கிய புதிது. வீட்டில் இருந்த அத்தனை செல்லையும் வரிசையாக வைத்து, கம்பியை வைத்து வைத்து எடுத்து, ஒன்று புள்ளி நாலு, ஒன்றரை, ஒன்றரை என்று சத்தமாக வாசித்தேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாம் நல்லா இருக்குப்பா" என்று நான்தான் சொன்னேன். அம்மாவின் செல் இரண்டு நாளில் சாக ஆரம்பித்தது அதற்கு அடுத்த வாரம்தான்.

"அம்மாகிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா கேக்கவா போகுது அவளுக்கு?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டார்.

"தீப்பிடிச்ச அன்னிக்கு அவ காதுல இருந்தது நீங்க காயவச்ச செல்லுப்பா."

அப்பா பட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "மிஷினு பழசு, அதான் நின்னுருச்சுன்னு நெனச்சேன்" என்றார். பிறகு, "அந்தக் கடைக்காரிகிட்ட சொல்லுவியா? அவ பஸ் ஸ்டாண்டு பூராச் சொல்லிருவா. நான் டவுனுக்கு ஆடு கொண்டு போறவன் தாயி."

செல்லை ரேடியோவுக்குள் திரும்பப் போட்டு மூடினேன். அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்று நம்புகிறேன். இதை எழுதும்போதும் அந்த நம்பிக்கையைத் திருப்பி அடித்தட்டைப் பார்க்கத் தோன்றுகிறது. அந்தப் பழக்கம் எனக்கு யாரிடமிருந்து வந்தது என்று தெரியும்.

மறுநாள் ரேடியோவைப் பையில் போட்டுக்கொண்டு அக்கா கடைக்குப் போனேன். கண்ணாடி மேல் வைத்தேன்.

"இதுக்கு ரெண்டு செல்லு. அம்மா மிஷினுக்கு ஒண்ணு."

"யாரு சாமான்?"

"அப்பாவுது."

அவர் பின்மூடியைக் கழற்றி உள்ளே இருந்த இரண்டையும் எடுத்தார். இரண்டும் இரண்டு வயசு என்று தூக்கும்போதே தெரிந்திருக்கும். "புதுசும் பழசும் சோடி போட்டா ரெண்டுமே வெளங்காது" என்றார். மூன்று புதுச் செல்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பல்பில் வைத்து எண்ணினார், வழக்கம்போல் என் முகத்தைப் பார்த்தபடி. ஒன்றில் இருந்த ஊதாப் பொட்டை அப்படியே விட்டார். மற்ற இரண்டிலும் ஊதாவுக்குப் பக்கத்தில் சிவப்பு ஒன்று வைத்து ஊதிக் காயவைத்தார்.

"ஒத்தப் பொட்டு காதுக்கு. ரெட்டைப் பொட்டு ரேடியோவுக்கு. மாத்திப் போட்டா இனி ஒங்க வீட்டுலயே தெரிஞ்சிரும்."

அந்த ஒற்றைப் பொட்டுச் செல் பன்னிரண்டு நாள் ஓடியது என்பதையும், அம்மா பெட்டி ஒட்ட உட்காரவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷத்தில் எனக்கு அதெல்லாம் தெரியாது.

அக்கா பழைய செல்கள் இரண்டையும் இன்னும் கீழே வைக்கவில்லை. ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். அடுத்ததைத் திருப்பினார். கட்டைவிரலால் அடித்தட்டின் ஓரத்தைத் தடவினார்.

"இதுலயும் பொட்டு இல்ல" என்றார். "அப்ப எஞ்செல்லு எங்க? நீதானா?"

இல்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் அடுத்த கேள்வி யாரைப் பற்றி வரும் என்று தெரியும். சும்மா நின்றேன். இந்த ஊரில் என்னைப் பற்றி யாரும் அப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்கவிட்டு நின்றேன்.

அவர் பார்வை என் முகத்திலிருந்து இறங்கி, கண்ணாடி மேல் ஊன்றியிருந்த என் விரல்களில் நின்றது. கையை இழுத்துக்கொண்டேன். வரும் வழியில், பஸ்ஸிலேயே, ரேடியோவைத் திறந்து அந்த ஊதாப் பொட்டை ஊக்கு முனையாலும் நகத்தாலும் தடம் இல்லாமல் சுரண்டி எடுத்திருந்தேன். நகத்துக்கடியில் அது இன்னும் ஊதாவாகவே இருந்தது.